குண்டு பல்பு

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்.
டிவிக்காரர் வங்கக்கடலில் ஒரு சுழியைக் காட்டிவிட்டு
விளம்பரத்துக்குப் போய்விட்டார்.
எபிநேசர் எழுந்து டேப்பைத் தேடினார்,
அளக்கிற டேப்பை.

முடிச்சூரில் குளிர்காலம் மேலிருந்து வருவதில்லை.
முதலில் கழிவறைக் கோப்பை களகளக்கும்,
பிறகு தவளை,
பிறகு ரப்பர் படகு.

பின்சுவரில் ஒரு கோடு இருக்கிறது,
அந்த வருஷம் தண்ணீர் வந்து நின்ற இடம்.
மூன்று தடவை வெள்ளையடித்தோம்.
மூன்று தடவையும் சுண்ணாம்பைத் தின்றுவிட்டுப்
பழுப்பாக எட்டிப்பார்த்தது.
எனக்குக் காதளவு. அவருக்குத் தோள்.
ஜெனிட்டாவை அதன் பக்கத்தில் நிறுத்தி
நாங்கள் அளந்ததில்லை.

அதற்கு ஒரு சாண் மேலே கூட்டின் தரை வரவேண்டும்.
கணக்கு அவ்வளவுதான்.

கால்களுக்கு இரும்பு போதவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து
எங்கள் கட்டிலைக் கழற்றினார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.
வெல்டிங் பொறியில் தெரு நாய் ஓடியது.

வடகிழக்குப் பக்கம் காற்றுக்கு ஒரு பிளக்ஸ்.
யாரோ ஒரு தேன்நிலாவும் மாப்பிள்ளையும்
உள்பக்கமாகச் சிரிக்கிறார்கள்,
இனி தை வரைக்கும் கோழிகளைப் பார்த்து.
"மேலே நாலு விரல் திறந்து விடுங்க" என்றார்
சேலையூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்.
"குளிரில் செத்ததைவிட
மூடி வைத்துச் செத்ததுதான் அதிகம்."
விட்டோம், நாலு விரல்.
அவர் விரலா என் விரலா என்று கேட்க மறந்துவிட்டேன்.

உமி இரண்டு மூட்டை. ஒரு பிடி சுண்ணாம்புத் தூள்.
பெருச்சாளிக்குக் கம்பி வலை.
எல்லாம் கிடைத்தது, பல்பு கிடைக்கவில்லை.

கறுப்பி நேரம்காலம் தெரியாதவள்,
புரட்டாசியில் போய் அடை உட்கார்ந்து
பதினொன்று பொரித்திருக்கிறாள்.
எல்ஈடி கையைச் சுடாது, குஞ்சுக்கும் ஆகாது.
நாலு கடையில் சிரித்தார்கள்.
ஐந்தாவது கடையில்,
தாம்பரம் மார்க்கெட் பின்னால்,
"அதோட வெளிச்சம் பத்தாதேம்மா" என்றார் புஹாரி பாய்.
"வெளிச்சம் வேண்டாம் பாய், சூடுதான் வேணும்."
ஏணி போட்டு ஏறி,
தூசி தட்டி,
அறுபது வாட்ஸ் இரண்டு எடுத்தார்.
காதோரம் ஆட்டிப் பார்த்தார் இழை அறுந்திருக்கிறதா என்று.
காசு ஒன்றுக்குத்தான் வாங்கினார்.

நாலு மணிக்குச் சேவல் கூவுகிறதென்று
வாட்ஸப்பில் கண்டித்தவர் பக்கத்து பிளாட் பத்மாசினி.
மதிலுக்கு அந்தப்புறம் வந்து நின்றார்.
சேவலைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.
"எவ்ளோ உயரம் வைக்கறீங்க?"
சொன்னேன்.
மறுநாள் அவர் வீட்டுக்குக் கொத்தனார் வந்தான்.
இன்வெர்ட்டர் மேடை ஏறியது,
அதே உயரம்.
வியாழக்கிழமைக்குள் தெருவில் இன்னும் மூன்று மோட்டார்கள்.
யாரும் எங்களிடம் எதுவும் பேசவில்லை,
டேப்பை மட்டும் இரவல் கேட்டார்கள்.

ஏணிப்பலகையில் எல்லாம் ஏறிவிட்டன,
மொட்டைக்கழுத்து தவிர.
அவளுக்கு ஸ்கூட்டர் சீட்தான் ஊர், உலகம்.
தினமும் அந்தியில் அவளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்
மேலே விடுகிறேன்.
மாடி வீடு கிடைத்தும்
திட்டிக்கொண்டேதான் போகிறாள்.

நேற்று ராத்திரி பிடித்துக்கொண்டது மழை.
கழற்றிய கட்டிலின் இடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்,
ஜெனிட்டா நடுவில்.
ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்தால்
உயரத்தில் ஒரு மஞ்சள் கீற்று,
நாலு விரல் அகலம்.
அதற்குள் பதினொரு சின்ன நெஞ்சுகள் சூடாக இருக்கும்.

எபிநேசர் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
அவர் கை பாயைத் தாண்டிப் போய்
சிமெண்டுத் தரையைத் தடவிப் பார்க்கிறது,
உள்ளங்கையால் ஒரு தடவை,
புறங்கையால் ஒரு தடவை.